பெங்களூர் வீட்டு மின்கட்டணம்: குறைந்தது யாருக்கு, கூடியது யாருக்கு?

கர்நாடகத்தில் வீட்டு மின்சாரத்தின் விலை யூனிட்டுக்கு ரூ.1.10 குறைக்கப்பட்டது என்ற செய்தி 2024-ம் ஆண்டு பிப்ரவரி 28-ம் தேதி வெளியானது. பல ஆண்டுகளாகக் கட்டண உயர்வையே கேட்டுப் பழகிய மக்களுக்கு அது இனிப்பான செய்திதான். ஆனால் அதே உத்தரவின்படி, மாதம் 100 யூனிட்டுக்குள் செலவழிக்கும் வீட்டுக்கான விலை யூனிட்டுக்கு ரூ.1.15 கூடியது. குறைந்த செய்தி தலைப்பில் வந்தது. கூடிய செய்தி கணக்குப் போட்டுப் பார்த்தவர்களுக்கு மட்டுமே தெரிந்தது.

கூடிய விலையைப் பெரும்பாலான சிறு வீட்டுக்காரர்கள் உணரவில்லை என்பதும் உண்மையே. ‘கிருஹ ஜோதி’ திட்டத்தின் கீழ் அவர்களுக்குப் பில் தொகை பூஜ்யமாக வருகிறது. ஆனால் அந்தத் திட்டத்துக்குள் வராத சிறு வீடுகளும் பெங்களூரில் ஏராளம். ஒரே காம்பவுண்டுக்குள் நாலைந்து குடித்தனங்கள், எல்லோருக்கும் சேர்த்து ஒரே மீட்டர் என்று வாழ்கிறவர்கள் அவர்கள். ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் பீனியாவிலும் இப்படி வாடகைக்குக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது புதிய விஷயமல்ல. மின்சாரத்தின் விலை எப்படி, ஏன் மாறி வந்திருக்கிறது, அந்த மாற்றம் யார் தலையில் விடிகிறது என்பதை அவர்கள் அறிந்துகொள்வது அவசியம்.

நீரில் பிறந்த மலிவு மின்சாரம்

பெங்களூரின் மின்சார வரலாறு காவிரியில் தொடங்குகிறது. 1883 முதல் 1901 வரை மைசூர் திவானாக இருந்த சேஷாத்ரி ஐயர் காலத்தில் சிவசமுத்திரம் நீர்மின் திட்டம் உருவாயிற்று. 1902-ல் அங்கே உற்பத்தியான மின்சாரம் முதலில் பெங்களூருக்கு வரவில்லை. ஏறத்தாழ 147 கிலோ மீட்டர் தொலைவிலிருந்த கோலார் தங்கவயலுக்கே சென்றது. அந்தச் சுரங்கங்களில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் போன்ற மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர்கள். பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905-ல்தான்.

சுரங்கங்களுக்குக் கோடையிலும் தடையின்றி மின்சாரம் கிடைக்க வேண்டும் என்பதும் கிருஷ்ணராஜ சாகர் அணை எழுந்ததற்கான காரணங்களில் ஒன்று. பின்னர் ஜோகிலும், 1964 முதல் ஷராவதியிலும் பெரிய நீர்மின் நிலையங்கள் வந்தன. நிலக்கரி வாங்க வேண்டியதில்லை. மழை பெய்தால் போதும். அதனால் மைசூர் ராஜ்யத்தில் மின்சாரம் மலிவாக இருந்தது. தொழிற்சாலைகள் பெங்களூரைத் தேடி வந்ததற்கும், அவற்றைத் தேடித் தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர்கள் வந்ததற்கும் அந்த மலிவு மின்சாரம் ஒரு முக்கிய காரணம்.

ஆனால் மழையை மட்டும் நம்பிய மின்சாரம் மழை பொய்த்தபோது கைவிட்டது. அணை வற்றிய ஆண்டுகளில் ஆலைகளுக்கு மின்வெட்டு, வீடுகளுக்கு இருட்டு என்று ஆயிற்று. 1985-ல் ராய்ச்சூரில் முதலாவது அனல்மின் பிரிவு ஓடத் தொடங்கியது. அன்று முதல் பிற மாநிலங்களிலிருந்து ரயிலில் வரும் நிலக்கரியின் விலையும், அதன் ரயில் கட்டணமும் கர்நாடக மின்சாரத்தின் விலையில் ஏறிக்கொண்டன. மலிவு மின்சாரத்தின் காலம் மெல்ல முடிவுக்கு வந்தது.

விலை நிர்ணயம் யார் கையில்?

1957-ல் அமைந்த மின்வாரியம்தான் நீண்ட காலம் எல்லாவற்றையும் கவனித்து வந்தது. கட்டணம் உயர வேண்டுமா, வேண்டாமா என்பதை நடைமுறையில் ஆளுங்கட்சியே தீர்மானித்தது. தேர்தல் நெருங்கினால் உயர்வு நிற்கும், முடிந்தால் வரும்.

1999-ல் மின்சாரச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. வாரியத்தின் இடத்தில் கம்பெனி அமைந்தது. விலையை நிர்ணயிக்கும் அதிகாரம் கர்நாடக மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்குச் சென்றது. 2002 ஜூன் மாதத்தில் மின் விநியோகம் தனித்தனிக் கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டது. பெங்களூர், கோலார், தும்கூர் உள்ளிட்ட மாவட்டங்களுக்கான கம்பெனியே ‘பெஸ்காம்’.

இப்போது நடைமுறை இதுதான். ஒவ்வொரு விநியோகக் கம்பெனியும் நவம்பர் மாத இறுதிக்குள் தன் வரவு செலவுக் கணக்கையும், கேட்கும் உயர்வையும் ஆணையத்தின் முன் வைக்க வேண்டும். பத்திரிகைகளில் அறிவிப்பு வரும். பொதுமக்கள் ஆட்சேபணை தெரிவிக்கலாம். பின்னர் பகிரங்க விசாரணை நடத்தி ஆணையம் உத்தரவிடும். புதிய விலை பெரும்பாலும் ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அமலாகும்.

ஆட்சேபணை தெரிவிப்பவர்கள் யார் என்று பார்த்தால், தொழில் அதிபர்களின் சங்கங்கள், சிறுதொழில் சங்கங்கள், விவசாயிகள் சங்கங்கள், சில நுகர்வோர் அமைப்புகள் ஆகியவையே முன்னிற்கின்றன. வாடகை வீட்டில் இருப்பவரின் குரல் அங்கே கேட்பது அரிது. மீட்டர் அவர் பெயரில் இல்லை. ஆகவே ஏட்டில் அவர் நுகர்வோரும் இல்லை.

பத்தாண்டுக் கணக்கு

பெங்களூர் நகரின் வீட்டு மின்கட்டணம் கடந்த பத்தாண்டுகளில் எப்படி மாறியது என்பதைக் கீழே காணலாம். இவை யூனிட் விலைகள் மட்டுமே. வரியும் நிலைக்கட்டணமும் தனி.

2016-17: முதல் 30 யூனிட்டுக்கு ரூ.3.00, 31 முதல் 100 வரை ரூ.4.40, 101 முதல் 200 வரை ரூ.5.90; அதற்கு மேல் ரூ.6.90.

2019-20: இதே படிகளில் முறையே ரூ.3.75, ரூ.5.20, ரூ.6.75, ரூ.7.80.

2022-23: முதல் படி 50 யூனிட்டாக நீண்டது. முறையே ரூ.4.15, ரூ.5.60, ரூ.7.15, ரூ.8.20.

2023-24: நான்கு படிகள் இரண்டாயின. 100 யூனிட் வரை ரூ.4.75. நூறைத் தாண்டினால் எல்லா யூனிட்டுக்கும் ரூ.7.00.

2024-25: படிகளே இல்லை. எத்தனை யூனிட்டானாலும் ரூ.5.90.

2025-26: எத்தனை யூனிட்டானாலும் ரூ.5.80. அத்துடன் ஓய்வூதியம், பணிக்கொடைக்கான கூடுதல் கட்டணம் யூனிட்டுக்கு 36 காசு.

இந்தப் பட்டியலை மேலோட்டமாகப் பார்த்தால், 2022-ல் ரூ.8.20 வரை சென்ற விலை 2025-ல் ரூ.5.80-க்கு இறங்கிவிட்டது போலத் தோன்றும். இரண்டு வீடுகளை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால் உண்மை விளங்கும்.

மாதம் 90 யூனிட் செலவழிக்கும் சிறிய வீடு ஒன்று. இரண்டு மின்விசிறி, நாலு விளக்கு, தொலைக்காட்சி, சிறிய குளிர்பதனப் பெட்டி, மிக்ஸி, இவ்வளவுதான். இந்த வீட்டின் யூனிட் கட்டணம் 2016-ல் மாதம் 354 ரூபாய். 2022-ல் அது ரூ.431.50 ஆயிற்று. 2024-ல் 531 ரூபாய். 2025-ல் ஓய்வூதியக் கூடுதலும் சேர்ந்து ரூ.554.40. ஒன்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 57 சதவீத உயர்வு.

மாதம் 250 யூனிட் செலவழிக்கும் வசதியான வீடு மற்றொன்று. அதன் யூனிட் கட்டணம் 2016-ல் 1,333 ரூபாய். 2022-ல் ரூ.1,612.50. 2023-ல் 1,750 ரூபாய். 2024-ல் அது 1,475 ரூபாயாகக் குறைந்தது. 2025-ல் ஓய்வூதியக் கூடுதலையும் சேர்த்து 1,540 ரூபாய். ஒன்பது ஆண்டுகளில் உயர்வு ஏறத்தாழ 16 சதவீதம் மட்டுமே.

குறைவாகச் செலவழிப்பவருக்குக் குறைந்த விலை, கூடுதலாகச் செலவழிப்பவருக்குக் கூடுதல் விலை என்பதே படிமுறையின் நியாயம். அந்த நியாயம் 2024-ல் கட்டணப் பட்டியலிலிருந்து மறைந்துவிட்டது என்பதுதான் இந்தக் கணக்கு சொல்லும் செய்தி.

2023-24 ஏற்பாடு இன்னொரு விதத்தில் கடுமையாக இருந்தது. 100 யூனிட் செலவழித்தவர் 475 ரூபாய் கொடுத்தார். 101 யூனிட் செலவழித்தவர் 707 ரூபாய் கொடுத்தார். ஒரே ஒரு யூனிட்டுக்கு 232 ரூபாய்! அந்த உத்தரவு வெளியானது 2023 மே 12-ம் தேதி. சட்டமன்றத் தேர்தல் வாக்குகள் எண்ணப்பட்டதற்கு முந்தைய நாள். ஏப்ரல் முதல் தேதியிட்டு அமல் என்பதால் ஜூன் மாதப் பில்லில் பாக்கியும் சேர்ந்து வந்து மக்களைத் திடுக்கிட வைத்தது. அந்த விதத்தில் பார்த்தால், ஒரே விலை என்ற 2024 ஏற்பாடு ஒரு முரட்டுத்தனத்தை நீக்கியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதை நீக்கிய செலவு சிறு வீட்டின் கணக்கில் எழுதப்பட்டது.

கண்ணில் படாத நிலைக்கட்டணம்

யூனிட் விலையைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். பில்லில் அதற்கு மேல் இருக்கும் இன்னொரு வரியைப் பலர் கவனிப்பதில்லை. அது நிலைக்கட்டணம். விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும், வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனாலும் இதைக் கட்டியாக வேண்டும். வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட மின்சுமை எத்தனை கிலோவாட்டோ அதற்கேற்ப இது கணக்கிடப்படுகிறது.

2016-ல் முதல் கிலோவாட்டுக்கு 30 ரூபாயும், அடுத்த ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 40 ரூபாயுமாக இது இருந்தது. 2023-ல் கிலோவாட்டுக்கு 110 ரூபாய். 2024-ல் 120 ரூபாய். 2025 ஏப்ரல் முதல் 145 ரூபாய். 2025-ல் யூனிட் விலை 10 காசு குறைந்தது என்று மகிழ்ந்தவர்கள், அதே உத்தரவில் நிலைக்கட்டணம் 25 ரூபாய் ஏறியதைப் பார்க்கவில்லை. 90 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு 10 காசுக் குறைப்பால் மிச்சம் 9 ரூபாய். நிலைக்கட்டணத்தால் கூடுதல் 25 ரூபாய். ஓய்வூதியக் கூடுதலால் இன்னும் ரூ.32.40.

ஒரு கிலோவாட் சுமையுள்ள அந்தச் சிறு வீட்டின் மாதச் செலவை நிலைக்கட்டணத்தையும் சேர்த்துப் பார்த்தால், 2016-ல் 384 ரூபாய். 2025-ல் ஏறத்தாழ 700 ரூபாய். உயர்வு 82 சதவீதம். நான்கு கிலோவாட் சுமையும் 250 யூனிட் செலவும் உள்ள வீட்டுக்கு 1,483 ரூபாய் 2,120 ரூபாயாயிற்று. உயர்வு 43 சதவீதம். இவற்றுக்கு மேல் யூனிட் கட்டணத்தின் மீது 9 சதவீத மின்வரி. 2018-ல்தான் அது 6 சதவீதத்திலிருந்து 9 சதவீதமாக்கப்பட்டது.

ஏன் ஏறுகிறது?

மின்கம்பெனிகள் கொள்ளையடிக்கின்றன என்று சொல்லிவிடுவது எளிது. உண்மை அவ்வளவு எளிதல்ல. விநியோகக் கம்பெனியின் செலவில் பெரும்பகுதி மின்சாரத்தை விலைக்கு வாங்குவதிலேயே போகிறது. நிலக்கரி விலை ஏறினால் அதுவும் ஏறும். 2023-ல் கர்நாடகத்தில் கடும் வறட்சி. அணைகளில் நீர் குறைந்து நீர்மின் உற்பத்தி விழுந்தது. அதே சமயம் பம்புசெட்டுகள் ஓயாமல் ஓடியதால் தேவை கூடியது. வெளியிலிருந்து கூடிய விலைக்கு வாங்கித்தான் சமாளிக்க முடிந்தது. 2024 கோடையில் மாநிலத்தின் உச்சத் தேவை 17,000 மெகாவாட்டைக் கடந்தது.

பாவகடாவில் 2,050 மெகாவாட் சூரியமின் பூங்கா இருக்கிறது. பகலில் மலிவான மின்சாரம் கிடைக்கிறது. ஆனால் வீடுகளில் விளக்கும் தொலைக்காட்சியும் ஓடுவது மாலை ஆறு மணிக்கு மேல். அந்த நேரத்தில் சூரியன் உதவிக்கு வருவதில்லை.

விவசாயப் பம்புசெட்டுகளுக்கு 10 குதிரைத் திறன் வரை 2008 முதல் மின்சாரம் இலவசம். மாநிலத்தின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அவற்றுக்கே செல்கிறது. அதற்கான பணத்தை அரசு கொடுக்க வேண்டும். அரசு இலவசம் அறிவித்தால் அதற்கான தொகையை முன்கூட்டியே செலுத்த வேண்டும் என்று 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 65-வது பிரிவு கூறுகிறது. அந்தப் பணம் உரிய காலத்தில் வராதபோது கம்பெனி கடன் வாங்குகிறது. கடனுக்கு வட்டி ஏறுகிறது. சுற்றி வளைத்து அந்தச் சுமையும் மின்கட்டணத்தில் வந்து நிற்கிறது.

ஓய்வூதியக் கூடுதல் கட்டணம் தனிக் கதை. பழைய மின்வாரியத்தில் பணியில் சேர்ந்து உழைத்தவர்களுக்கு ஓய்வூதியமும் பணிக்கொடையும் கொடுக்கப்பட வேண்டும் என்பதில் இரு கருத்து இருக்க முடியாது. சம்பளத்தில் வாழ்கிற யாரும் அதை எதிர்க்க மாட்டார்கள். அதை அரசு கஜானா ஏற்க வேண்டுமா, விளக்கெரிக்கும் ஒவ்வொருவரும் ஏற்க வேண்டுமா என்பதே கேள்வி. 2025 ஏப்ரல் முதல் அது நுகர்வோர் மீது விழுந்துவிட்டது. 36 காசு, அடுத்த இரு ஆண்டுகளில் முறையே 35, 34 காசு என்று அது வகுக்கப்பட்டுள்ளது.

கிருஹ ஜோதி: யார் உள்ளே, யார் வெளியே?

2023 தேர்தலில் காங்கிரஸ் கொடுத்த வாக்குறுதிகளில் ஒன்று, மாதம் 200 யூனிட் வரை வீடுகளுக்கு இலவச மின்சாரம். 2023 ஜூலை மாதச் செலவிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. ஆகஸ்ட் 5-ம் தேதி கலபுரகியில் முதல்வர் சித்தராமையா திட்டத்தைத் தொடங்கி வைத்தார். ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட இணைப்புகள் இதனால் பயனடைகின்றன. 2025-26 பட்ஜெட்டில் இதற்கென 10,100 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. வாடகைக்கு இருப்பவர்களும் சேரலாம். திட்டத்தில் மொழி பற்றிய நிபந்தனை எதுவும் இல்லை. எத்தனையோ ஏழைக் குடும்பங்களுக்கு மாதம் 500, 600 ரூபாய் மிச்சமாவது சாதாரண உதவியல்ல.

ஆனால் ‘200 யூனிட் இலவசம்’ என்பது முழு உண்மையல்ல. 2022-23-ல் அந்த வீடு மாதம் சராசரியாக எவ்வளவு செலவழித்ததோ அதனுடன் 10 சதவீதம் சேர்த்து வரும் அளவே அந்த வீட்டின் இலவச உரிமை. சராசரி 120 யூனிட் என்றால் உரிமை 132 யூனிட். 150 யூனிட் செலவழித்தால் மிகுதியான 18 யூனிட்டுக்குப் பணம் கட்ட வேண்டும். மிகக் குறைவாகச் செலவழித்த வீடுகளுக்கு 10 சதவீதம் என்பது நாலைந்து யூனிட்டே என்பதால், 48 யூனிட்டுக்குக் குறைவான வீடுகளுக்கு 10 யூனிட் கூடுதலாக அளிக்க 2024 ஜனவரியில் அமைச்சரவை முடிவு செய்தது. பழைய கணக்கு இல்லாத புதிய வீட்டுக்கும் புதுக் குடித்தனத்துக்கும் மாநிலச் சராசரியான 53 யூனிட்டும் அதில் 10 சதவீதமும் சேர்த்து 58 யூனிட் என்று வைக்கப்பட்டது.

200-ஐத் தாண்டினால் இலவசமே கிடையாது. மேலே சொன்ன வீடு 200 யூனிட் செலவழித்தால் மிகுதியான 68 யூனிட்டுக்கு 2025-26 விலையில் ரூ.394.40. 201 யூனிட் செலவழித்தால் எல்லா யூனிட்டுக்கும் சேர்த்து ரூ.1,165.80. ஊரிலிருந்து பெற்றோரும் பிள்ளைகளும் கோடை விடுமுறைக்கு வந்து தங்கும் மாதத்தில்தான் பல வீடுகள் இந்தக் கோட்டைத் தாண்டுகின்றன.

எல்லாவற்றையும்விடப் பெரிய பள்ளம் ஒரே மீட்டர் உள்ள காம்பவுண்டு வீடுகளில் இருக்கிறது. நாலு குடித்தனங்கள், ஒவ்வொன்றும் மாதம் 60 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். தனித்தனி மீட்டர் இருந்தால் நாலு வீடுகளும் திட்டத்துக்குள் வந்திருக்கும். பில் பூஜ்யமாகவோ, பூஜ்யத்தை ஒட்டியோ இருந்திருக்கும். ஒரே மீட்டர் என்பதால் மொத்தம் 240 யூனிட்டாகிறது. ஒரு யூனிட்டும் இலவசம் இல்லை. 2025-26 விலையில் யூனிட் கட்டணம், ஓய்வூதியக் கூடுதல், வரி மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 1,600 ரூபாய். தலைக்கு 400 ரூபாய், நிலைக்கட்டணம் வேறு. சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று வீட்டுக்காரர் வசூலித்தால் அது இன்னும் கூடும். ஆக, மாநிலத்திலேயே குறைவாக மின்சாரம் செலவழிப்பவர்களில் ஒருவர், மாளிகைவாசியைவிடக் கூடுதலான யூனிட் விலையைக் கொடுக்கிறார். வீட்டு முன்னறையில் பெட்டிக்கடை நடத்துபவரின் கடை இணைப்பும் திட்டத்துக்குள் வராது. அது வர்த்தக இணைப்பு.

தமிழ்நாட்டோடு ஒப்பிட்டால்

ஊருக்குப் போய் வருபவர்கள் இரு மாநிலப் பில்களையும் ஒப்பிட்டுப் பேசுவது வழக்கம். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுப்பு, கர்நாடகத்தில் மாதந்தோறும். தமிழ்நாட்டில் 2016 மே 23-ம் தேதி, மீண்டும் முதல்வராகப் பதவியேற்ற ஜெயலலிதா, இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம் என்று உத்தரவிட்டார். 2022 செப்டம்பர் 10-ல் கட்டணம் திருத்தப்பட்டபோதும் அந்த இலவசம் நீடித்தது. 500 யூனிட்டுக்குள் செலவழிப்பவருக்கு 101 முதல் 200 வரை ரூ.2.25, 201 முதல் 400 வரை ரூ.4.50. மிக அதிகமாகச் செலவழிப்பவருக்கோ 1,000-க்கு மேல் ரூ.11. பின்னர் இந்த விலைகள் மேலும் உயர்ந்தன.

மாதம் 90 யூனிட், அதாவது இரண்டு மாதத்துக்கு 180 யூனிட் செலவழிக்கும் வீடு அந்த 2022 விலையில் தமிழ்நாட்டில் கட்டியது 180 ரூபாய். அதே வீடு பெங்களூரில் 2022-23 விலையில் இரண்டு மாதத்துக்கு யூனிட் கட்டணமாக மட்டும் 863 ரூபாய் கட்டியது. கிருஹ ஜோதி வந்த பின் அதே வீடு, பழைய சராசரியும் ஒத்து வந்தால், ஒன்றும் கட்ட வேண்டியதில்லை. இந்த இடத்தில் கர்நாடகம் முந்திவிட்டது.

ஆனால் இரண்டு உதவிகளின் அமைப்பிலும் வேறுபாடு உண்டு. தமிழ்நாட்டில் முதல் 100 யூனிட் இலவசமும் படிமுறையும் பில்லிலேயே அமைந்தவை. விண்ணப்பம் போட வேண்டியதில்லை. கர்நாடகத்தில் உதவி பதிவு செய்தவருக்கு மட்டுமே. டில்லியில் 2019 முதல் 200 யூனிட்டும், பஞ்சாபில் 2022 ஜூலை முதல் மாதம் 300 யூனிட்டும் இலவசமாகத் தரப்பட்டன. எந்த மாநிலத்திலும் இலவசம் என்பது ஆட்சியின் முடிவு. ஆட்சி மாறினால், கஜானா வற்றினால், அது மாறலாம். கட்டணப் பட்டியலில் உள்ள படிமுறை அப்படியல்ல. ஆணையம் விசாரித்து இடும் உத்தரவு அது. கர்நாடகத்தில் நடந்திருப்பது கூரையைப் பிரித்துவிட்டுக் குடை கொடுத்தது போன்றது. குடை இருக்கும் வரை நனைய மாட்டோம். குடை கிடைக்காதவர்கள் இப்போதே நனைகிறார்கள்.

கவனிக்க வேண்டியவை

வாடகைக்கு வீடு பார்க்கும்போது முன்பணம் எவ்வளவு, தண்ணீர் உண்டா என்று கேட்பது போல, தனி மீட்டர் உண்டா என்றும் கேட்க வேண்டும். மாதம் 500 ரூபாய் வாடகை குறைவு என்று ஒரே மீட்டர் உள்ள வீட்டுக்குப் போனால், அந்த 500 ரூபாய் மின்சாரத்தில் போய்விடும்.

தனி மீட்டர் இருந்தால் வாடகை ஒப்பந்தமும் ஆதாரும் காட்டி, பில்லில் உள்ள கணக்கு எண்ணைக் கொண்டு சேவா சிந்து மூலம் பதிவு செய்துகொள்ளலாம். வீடு மாறும்போது பழைய வீட்டு எண்ணிலிருந்து ஆதாரை விடுவித்துக்கொள்ள வேண்டும். அந்த வசதி 2024-ல் ஏற்படுத்தப்பட்டது. இதைச் செய்யாவிட்டால் புதிய வீட்டில் பதிய முடியாது. பழைய வீட்டில் அடுத்து வருபவருக்கும் இடைஞ்சல்.

பில்லில் அனுமதிக்கப்பட்ட சுமை எத்தனை கிலோவாட் என்றும் பார்க்க வேண்டும். தேவைக்கு மேல் எழுதியிருந்தால் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 2025-26 விலையில் 145 ரூபாய் வீணாகும். அதைக் குறைக்க வீட்டுக்காரரைக் கொண்டு விண்ணப்பிக்கச் செய்யலாம். மீட்டர் கோளாறு, தவறான பில் போன்ற புகார்களுக்கு 1912 என்ற எண் இருக்கிறது. அங்கே தீராவிட்டால் நுகர்வோர் குறைதீர்ப்பு மன்றமும், அதற்கு மேல் மின் குறைதீர்ப்பாளரும் இருக்கிறார்கள்.

சப்-மீட்டருக்கு இஷ்டப்படி விலை வைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2003-ம் ஆண்டுச் சட்டப்படி மின்சாரம் விற்க உரிமம் வேண்டும். வீட்டுக்காரர் தாம் கட்டும் பில்லைக் குடியிருப்போரிடம் பகிர்ந்து வாங்குவது வேறு, அதில் லாபம் வைப்பது வேறு. பில்லைக் காட்டும்படி கேட்பதில் தவறேதும் இல்லை. ஆனால் வீட்டைக் காலி செய் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் பலர் கேட்பதில்லை. ஆகவே இதைத் தனி மனிதரின் துணிச்சலுக்கு விட்டுவிடாமல், அரசே வழி செய்ய வேண்டும்.

அந்த வழி கடினமானதல்ல. காம்பவுண்டு வீடுகளில் குடித்தனத்துக்கு ஒரு மீட்டர் வைக்க வீட்டுக்காரர்களுக்கு எளிய தவணையும் குறைந்த செலவும் ஏற்படுத்தலாம். பெஸ்காம் பகுதியில் 2025 பிப்ரவரி 15 முதல் புதிய இணைப்புகளுக்கு ஸ்மார்ட் மீட்டர் கட்டாயமாக்கப்பட்டு, மீட்டர் விலை பன்மடங்கு ஏறியது. தனி மீட்டர் கேட்கத் தயங்குபவரை இது மேலும் தயங்க வைக்கும். இரண்டாவதாக, முதல் 50 யூனிட்டுக்காவது குறைந்த விலை என்ற படியை மீண்டும் கட்டணப் பட்டியலில் கொண்டுவர வேண்டும். திட்டத்துக்குள் இருப்பவருக்கு அதனால் நஷ்டமில்லை. வெளியே நிற்பவருக்கு அது ஒன்றே துணை.

இவற்றைக் கேட்க வேண்டிய இடம் ஆணையத்தின் விசாரணை மண்டபம். கேட்க வேண்டிய காலம் கம்பெனிகளின் மனு பத்திரிகையில் வெளியாகும் நாள் முதல் ஏப்ரலுக்குள். ஆட்சேபணை எழுத மீட்டர் தன் பெயரில் இருக்க வேண்டும் என்று தயங்க வேண்டியதில்லை. குடியிருப்போர் சங்கங்களும், தொழிற்சங்கங்களும், தமிழ் அமைப்புகளும் அவர்கள் சார்பில் எழுதலாம். ஆலை முதலாளிகளின் சங்கம் ஆண்டுதோறும் கணக்குப் புத்தகத்தோடு அங்கே போய் நிற்கிறது. மாதம் 90 யூனிட் எரிக்கும் வீட்டின் கணக்கும் அந்த மேஜையில் வைக்கப்பட வேண்டும். வைக்கப்படாத கணக்கைப் பார்த்து எந்த ஆணையமும் தீர்ப்பு எழுதப்போவதில்லை.